கயிற்றின் நடுவில் சீமோன்

சீமோன் மலை ஏறப் போன கதையை, கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அவர் உச்சியில் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார் என்று கோயிலில் ஒரு பகுதி இன்னமும் நம்புகிறது. மகளோடு சேர்ந்து சாதனை செய்த தகப்பன் என்று யாரோ வட்ஸ்அப்பில் படத்தோடு போட்டும் விட்டார்கள். சீமோனைக் கேட்டால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். உண்மையில் அவர் மலை ஏறப் போகவில்லை. மகளுக்குக் காவல் போனார். எல்லாக் கரைச்சலும் அதிலிருந்துதான் வந்தது.

சீமோனுக்கு வேலை ஒரு குளிர்க்களஞ்சியத்தில். உறைந்த கோழியும் மீனும் பட்டாணியும் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கும் இடம். அதற்குள்ளே போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டு எத்தனையோ வருசங்களைக் கழித்துவிட்டார். வெளியே ஆடி வெயில் கொளுத்தும்போதும் அவருக்கு உள்ளே மாரிதான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கென்று வாசலில் ஒரு கதிரையில் இருப்பார். இருந்தபடி கொஞ்ச நேரம் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் குனிவார். மனைவி ஜோசப்பின் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளும் களைத்துத்தான் வருவாள். களைத்த இரண்டு பேர் பொத்திப் பொத்தி வளர்த்த ஒரே பிள்ளை ஸ்டெபனி.

ஸ்டெபனிக்கு மலைப் பித்து பிடித்தது பல்கலைக்கழகத்தில்தான். பழைய தொழிற்சாலை ஒன்றின் சுவர் முழுக்க நிறநிறமாகப் பிடிகளைப் பூட்டி, அதில் ஏறிப் பழக விடுகிற இடம் ஒன்று இருந்தது. சிநேகிதி நிலக்சி ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். அன்று மகளை ஏற்றிவரப் போன சீமோன், வளர்ந்த மனிசர்கள் பல்லி மாதிரிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தப் பல்லிகளுக்கு நடுவில், கூரைக்குக் கிட்ட, அவருடைய பிள்ளையும் நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. அவ்வளவு உயரத்தில் அவ்வளவு ஆறுதலாக நிற்கிற பிள்ளையை அவர் அதுவரை கண்டதில்லை.

அடுத்த கோடைக்கு மேற்கே றொக்கி மலைத்தொடரில் ஒரு பனிச்சிகரம் ஏறுவது என்று இரண்டு பெண்களும் முடிவுசெய்தார்கள். அதன் பெயர் வீட்டில் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. ஜோசப்பின் அதைக் கடைசிவரை 'அந்த மலை' என்றே சொன்னாள். இரண்டு பெண்கள், ஒரு வழிகாட்டி, ஒரு கயிறு என்று எல்லாம் பதிந்தாயிற்று. புறப்பட மூன்று மாதம் இருக்கும்போது நிலக்சி கணுக்காலை முறித்துக்கொண்டாள்.

இனி ஸ்டெபனியும் வழிகாட்டியும் மட்டும்தான். வழிகாட்டியின் பெயர் ஜூலியன்.

ஜோசப்பினுக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளையோடு இரண்டு நாள் மலையில் தன் பிள்ளை நிற்பதா, நாளைக்குச் சனம் கேட்டால் தான் என்ன சொல்வது என்று ஒரே பிடியாக நின்றாள். அவளைக் கெட்டவள் என்று நினைக்கவேண்டாம். வெளியே போன பெண்பிள்ளை வீடு திரும்பும்வரைக்கும் தாய்மார் வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற காலத்தில், மன்னாரில், ஆமிக்காரரின் சென்றிக் காவலரண்களுக்கு நடுவில் வளர்ந்தவள். அந்தப் பயம் விமானம் ஏறி அவளோடேயே வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இந்த நாட்டில் ஒருவராலும் மறிக்க ஏலாது. ஸ்டெபனி போகவில்லை. கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

கடைசியில் ஜோசப்பினே ஒரு வழி கண்டுபிடித்தாள். நிலக்சியின் இடம் சும்மாதானே கிடக்கிறது, அதில் அப்பா போகட்டும் என்றாள். எங்கள் ஆட்கள் வருசா வருசம் மிட்லண்ட் திருத்தலத்துக்கு பஸ் பிடித்துப் போவார்கள். யாராவது கடைசி நேரத்தில் வராமல் விட்டால், அந்த சீற்றில் யாரோ ஒரு மாமாவையோ மச்சானையோ ஏற்றிவிடுவார்கள். காலியாக ஒரு சீற் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது. மலையில் ஒரு கயிற்றின் நுனியையும் ஜோசப்பின் அப்படித்தான் நினைத்தாள். சரி, அவளாவது நினைத்தாள். இந்த மனுசன் தலையாட்டினாரே, அவருக்கு எங்கே போனது புத்தி?

அவருக்குள்ளும் ஒரு சின்னப் பெருமை இருந்தது. பிறீசருக்குள் நின்றே வயது போன தன்னைக் குளிர் என்ன செய்துவிடும் என்று கேட்டார். மலை என்றால் குளிர் மட்டும்தான் என்பது அவர் எண்ணம். ஸ்டெபனி தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவோடு போவதா, போகாமலே விடுவதா என்றால் அப்பாவோடுதான். ஜூலியன் போனில் விசாரித்தபோது, அப்பா ஏறக்கூடிய ஆள்தான் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு சீமோன் பட்ட பாடு நாய் படாப் பாடு. வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல், முதுகுப்பையில் பாதி வெளியே தெரிய ஒரு மூட்டை சிவப்பரிசியைப் போட்டுக்கொண்டு அப்பார்ட்மென்ற் படிக்கட்டில் ஏறுவார். ஸ்டெபனி பின்னால் வந்து மூச்சு விடும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பாள். கீழ்வீட்டு இரத்தினவேல் அண்ணை கதவைத் திறந்து, லிப்ட் பழுதோ என்று கேட்டார். இல்லை என்றதும், அப்ப ஏன் அரிசியைப் படியால் கொண்டு போகிறீர் என்றார். மலைக்குப் பழகுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, டொக்டர் நடக்கச் சொன்னவர் என்று சமாளித்தார். சனிக்கிழமைகளில் ரூஜ் பார்க்கின் ஏற்றங்களில் இருவரும் நடந்தார்கள். முழங்கால் நொந்தது. அவர் வீட்டில் சொல்லவில்லை. ஆனாலும் மகளோடு அவ்வளவு நேரம் தனியே கதைத்துக்கொண்டு நடந்தது அந்த மூன்று மாதமும்தான். அதில் அவருக்குச் சந்தோசம்.

யூலையில் போனார்கள். முதல் நாள் ஏற்றம் காடும் கல்லுமாக ஒரு மரக்குடில்வரை. குடிலில் தங்க வந்த மற்றவர்கள் சாப்பிட்டுக் கோப்பை கழுவிய பிறகுதான் சீமோன் போய்ச் சேர்ந்தார். அவருடைய பையில் பாதிப் பாரத்தை வழியிலேயே ஜூலியன் வாங்கித் தன் பையில் போட்டிருந்தான். உயர்ந்து மெலிந்த, அதிகம் பேசாத கியூபெக் பொடியன். 'உவன் நல்ல பிள்ளை' என்று அன்றைக்கே சீமோனுக்குத் தெரிந்துவிட்டது. காவலுக்கு வந்தவருக்கு இனி ஒரு வேலையும் இல்லை. ஆனால் திரும்பிப் போகவும் வழியில்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் பனியாற்றின் ஓரத்தில் கயிறு கட்டினார்கள். பனிக்கு அடியில் ஆழமான வெடிப்புகள் இருக்குமாம். ஒருவர் விழுந்தால் மற்ற இருவரும் இழுத்துப் பிடிக்கத்தான் கயிறு. முன்னுக்கு ஜூலியன், கடைசியில் ஸ்டெபனி, நடுவில் சீமோன். அனுபவமில்லாதவரை நடுவில் விடுவதுதான் முறை என்று ஜூலியன் சொன்னான். மகளைப் பார்த்துக்கொள்ள வந்த மனுசனுக்கு மகள் கண்ணிலேயே படவில்லை. திரும்பிப் பார்த்தால் சப்பாத்தில் பூட்டிய இரும்புப் பற்கள் ஒன்றில் ஒன்று மாட்டித் தடுக்கிறது. பின்னாலிருந்து அவளுடைய குரல் மட்டும் வந்தது. கயிற்றை மிதிக்கவேண்டாம், காலை அகட்டி வையுங்கோ, தண்ணி குடியுங்கோ என்று அவள்தான் அவரைக் காவல் காத்துக்கொண்டு வந்தாள்.

குளிர் அவரை ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெருமை வீண்போகவில்லை. காற்றுத்தான் காணாமல் போயிற்று. வாயைத் திறந்து இழுத்தாலும் நெஞ்சுக்குள் ஒன்றும் வந்து சேரவில்லை. பனிச்சரிவு நிமிர்ந்துகொண்டே போனது. ஒரு எட்டு வைப்பார், நிற்பார். இன்னொரு எட்டு வைக்க மனதைச் சேர்ப்பார். வாழ்க்கை முழுக்கச் சேர்ந்த களைப்பு எல்லாம் அன்றைக்கென்று காலுக்குள் இறங்கி நின்றது. கறுத்த பாறை ஒன்று பனிக்கு வெளியே தோள் மாதிரித் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் அவர் நின்றார். பிறகு குந்தினார்.

ஜூலியன் இறங்கி வந்து அவருடைய முகத்தைப் பார்த்தான். வெயில் ஏறினால் பனி இளகிவிடும், இளகிய பனியில் மேலே நிற்பது ஆபத்து, இந்த வேகத்தில் போனால் உச்சி சரிவராது என்று மரியாதையாகத்தான் சொன்னான். இவரைப் பனியாற்றில் தனியே விடவும் முடியாது. கயிறு ஒன்றுதான். திரும்புவதென்றால் மூன்று பேரும் திரும்பவேண்டும்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் இருந்து ஸ்டெபனி சொன்னாள்:

"இட்ஸ் ஓகே அப்பா. இறங்குவம்."

சீமோனுக்கு அந்தக் குரல் நல்ல பழக்கம். எட்டாம் வகுப்பில் கியூபெக் சுற்றுலாவுக்கு விடமாட்டோம் என்றபோது இதே குரல். சிநேகிதி வீட்டில் ஒரு இரவு தங்கக்கூடாது என்றபோதும் இதே குரல். வோட்டர்லூவில் படிக்க இடம் கிடைத்தும், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய இடத்தில் படி என்றபோதும் இதையேதான் சொன்னாள். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று அவர் கோயிலில் பெருமையடித்திருக்கிறார். இந்தப் பாறையடியில், மூச்சுக்கு அலைந்துகொண்டு இருக்கும்போதுதான், அவள் எப்போதும் அதை எவ்வளவு கெதியாகச் சொல்கிறாள் என்று கவனித்தார். தகப்பன் மறுத்துச் சொல்ல முதல் தானே சொல்லி முடித்துவிடுகிறாள். அவருக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் மேலேயிருந்து வேறொரு கயிறு இறங்கி வந்தது. ஒரு பெண் வழிகாட்டியும் அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சோடியும். அந்த மனிசிக்கு வயிற்றைப் பிரட்டியதால் திரும்புகிறார்களாம். சீமோன் அன்னியரிடம் நேரம்கூடக் கேட்காத ஆள். பஸ்ஸில் இறங்கவேண்டிய தரிப்பைக் கேட்கக் கூச்சப்பட்டு அடுத்ததில் இறங்கி நடந்துவருகிறவர். அப்படிப்பட்டவர் எழும்பி, கையைக் காட்டி மறித்து, தன்னையும் உங்கள் கயிற்றில் கட்டிக் கீழே கொண்டுபோக முடியுமா என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

இரண்டு வழிகாட்டிகளும் தள்ளி நின்று கதைத்தார்கள். பிறகு சரி என்றார்கள். ஜூலியன் அவருடைய இடுப்புப்பட்டியிலிருந்து கயிற்றைக் கழற்றினான். எதற்காக ஜோசப்பின் அவரை அனுப்பினாளோ, அதை அவர் அந்த இடத்தில் விட்டுவிட்டார். ஸ்டெபனி கிட்ட வந்தாள்.

"அம்மாக்கு என்ன சொல்லப்போறீங்க?"

"அதை நான் பாக்கிறன். நீ போ பிள்ளை, நேரம் போகுது."

அவள் போனாள். இப்போதுதான் அவருக்கு மகள் ஏறுகிறது தெரிந்தது. நடுவில் ஆள் இல்லாத கயிறு எவ்வளவு சுறுக்காகப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெரியாத மனிதர்களோடு, தெரியாத மனிசியின் முதுகைப் பார்த்தபடி இறங்கினார்.

குடிலுக்கு வந்து முற்றத்து வாங்குப் பலகையில் இருந்தார். மலையில் மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. செபிக்கப் பார்த்தார், அருள்நிறைந்த மரியே பாதியில் நின்றுபோனது. பிள்ளைக்கு ஒன்று நடந்தால் ஜோசப்பினுடைய முகத்தில் முழிக்க ஏலாது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவர்கள் எண்ணியதைவிட வெள்ளெனவே திரும்பி வந்தார்கள். மகளைக் கண்டதும் நெஞ்சு ஆறினாலும், அவளுடைய நடையைக் கண்டதும் விசயம் விளங்கிவிட்டது. உச்சிக்குக் கீழே கடைசி முகட்டில் பனி இளகத் தொடங்கிவிட்டது. விடியவே வந்திருக்கவேண்டிய இடத்துக்கு வெயிலேறி வந்தால் அப்படித்தான் என்று ஜூலியன் திருப்பிவிட்டான். அந்த நேரத்தைத் தின்றது யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஸ்டெபனி பையை இறக்கிவைத்துவிட்டு, இட்ஸ் ஓகே அப்பா என்றாள்.

"ஓகே இல்லை, பிள்ளை. எனக்கு இனி அப்பிடிச் சொல்லாத. கோவமெண்டால் கோவத்தைச் சொல்லு."

அவள் முதலில் சிரிக்கப் பார்த்தாள். சரிவரவில்லை. பிறகு அழுதாள். பிறகு, இருபத்திரண்டு வருசமாக வாயைத் திறக்காத பிள்ளை திறந்தாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். கியூபெக்கும் வந்தது, வோட்டர்லூவும் வந்தது. அவர் மறந்துபோன, மறந்ததே தெரியாத சின்னச் சின்ன விசயங்களும் வந்தன. தான் போய்க் கெட்டுவிடுவேன் என்று பயமா, போய்ச் சந்தோசமாக இருந்துவிடுவேன் என்று பயமா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பிறகு அவள் சொன்னது இது:

"நீங்களும் விருப்பப்பட்டு வரேல்லை அப்பா. அம்மா சொன்னதுக்கு வந்தீங்க. உங்களை இழுத்துக்கொண்டு போனதும் ஐ ஹேற்றட் இட். உங்கட முதுகைப் பாக்க எனக்குப் பாவமாயிருந்தது."

சீமோன் எல்லாவற்றையும் கேட்டார். ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அவருடைய சீவியத்தில் அவர் செய்த கடினமான வேலைகளில் அதுவும் ஒன்று.

இவர்கள் ரொறன்ரோ வந்து இறங்க முதலே ஜோசப்பின் கோயிலில் சொல்லி முடித்திருந்தாள். தகப்பனும் மகளும் மலை ஏறிவிட்டார்கள் என்று. போனவர்கள் ஏறத்தானே போனார்கள், அவளுக்கு என்ன தெரியும்? பூசை முடிந்து ஆட்கள் கைகொடுத்தபோது சீமோன் அசட்டுச் சிரிப்போடு வாங்கிக்கொண்டார். கோயில் முற்றத்தில் மனைவியைப் பொய்காரியாக்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னார். பிள்ளையை ஜூலியனோடு தனியே விட்டதையும் மறைக்கவில்லை. ஜோசப்பின் கேட்டுவிட்டு, அப்ப நீங்கள் என்னத்துக்குப் போனீங்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நியாயமான கேள்வி. அதோடு அந்தக் கதை வீட்டில் முடிந்துபோனது.

முடியவில்லை. அடுத்த வருசம் தவக்காலத்தில் ஒரு நாள், சாப்பாட்டு மேசையில், அந்த மலைக்கே திரும்பப் போகிறேன் என்றாள் ஸ்டெபனி. நிலக்சிக்குக் கால் சுகமாகி, விட்பியில் வேலையும் கிடைத்துவிட்டது. அவளுக்கு இனி லீவு இல்லை. ஆகவே தானும் ஜூலியனும்தான் என்று அவளே சொன்னாள். இந்த முறை கேட்கவில்லை, அறிவித்தாள். ஜோசப்பின் கறிக்கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுப் புருசனைப் பார்த்தாள்.

"அப்ப நீங்களும் லீவு எழுதிக் குடுங்கோ."

"நான் போகேல்லை."

"என்ன?"

"நான் போனா அவள் ஏறமாட்டாள், ஜோசப்பின். போன முறையும் என்னாலதான் ஏறேல்லை. பயத்தை நாங்கள் இஞ்ச வச்சிருப்பம். அதையும் பிள்ளையின்ர கயிற்றில கட்டி விடவேண்டாம்."

ஜோசப்பின் எழும்பி உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு புருசனோடு பேச்சு வார்த்தையை வெகுவாகக் குறைத்துக்கொண்டாள். பெரிய வியாழனுக்கும் பேசவில்லை, உயிர்ப்புத் திருநாளுக்கும் சரியாகப் பேசவில்லை. சீமோனுக்கு அலுத்துப்போனது. ஒருகட்டத்தில், சரி நானும் போறன் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடலாமே என்றுகூட இருந்தது. சொல்லவில்லை. யூலையில் பியர்சன் விமான நிலையத்துக்கு மூன்று பேரும் போனார்கள். ஜோசப்பின் மகளின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, காருக்குப் போய் இருந்துகொண்டாள்.

மலையில் போன் வேலை செய்யாது. அவள் ஏறுகிற நாள் சனிக்கிழமையாக இருந்ததால் இருவரும் வீட்டில் நின்றார்கள். ஜோசப்பின் அடுப்படியில் போஞ்சிக்காய் முறித்துக்கொண்டிருந்தாள். சீமோன் மேசையில் பழைய தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். இரண்டு பேருக்கும் நித்திரை இல்லாத முகம்.

"இப்ப எவடத்தில நிப்பாள்?"

மாதக்கணக்கில் அவரிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை. சீமோன் சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். அங்கே இங்கேயைவிட இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் விடியும் என்று சொன்னார். குடிலிலிருந்து வெளிக்கிட்டிருப்பார்கள், முதலில் கல்லுச்சரிவு, நடக்கக் கரைச்சலில்லை, அவள் பாய்ந்து பாய்ந்து போவாள் என்றார். ஜோசப்பின் தலையை ஆட்டினாள். போஞ்சிக்காய் முடிந்து அரிசி கழுவப் போகும்போது திரும்பக் கேட்டாள். இப்போது பனியாறு என்றார். கயிறு கட்டியிருப்பார்கள், விழுந்தாலும் பிடிக்க ஆள் இருக்கு, அந்தப் பொடியன் கெட்டிக்காரன். அரிசி கொதித்தபோது கேட்டாள். இப்ப ஏற்றம். காற்று இடப்பக்கத்தால் அடிக்கும், கழுத்தை மூடியிருப்பாள். தண்ணி குடிக்க அவளுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. ஒரு கறுத்த பாறை வரும், அதில் நின்று பார்த்தால் கீழே குடில் தீப்பெட்டி மாதிரித் தெரியும் என்றார். சொல்லிக்கொண்டு போகும்போது அவருக்கே மூச்சு வாங்கியது.

ஜோசப்பின் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அதுக்கங்கால?"

"அதுக்கங்கால எனக்குத் தெரியாது, ஜோசப்பின். நான் அவடத்தில இருந்து திரும்பீட்டன். இனிமேல் உள்ளதை அவள் வந்து சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்."